நான்கு எலுமிச்சம்பழங்கள்

வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. நிற்கட்டும் என்று நினைத்தான் ஹாத்திம். போனால் சோதனைச் சாவடி, நின்றால் வெயில், இரண்டில் வெயில் தேவலை. பதினான்கு பேருக்கான மினிபஸ்ஸில் பதினேழு பேர் இருந்தார்கள், அவனுக்குக் கிடைத்தது ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம், முழங்கால் எந்நேரமும் எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கும் இடம். வலது பையில் போன் இருந்தது. அதை இடது பைக்கு மாற்றலாமா என்று பத்து நிமிஷமாக யோசித்துக்கொண்டிருந்தான். மாற்றினால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார், பார்த்தால் ஏன் மாற்றுகிறான் என்று நினைப்பார், நினைத்தால் என்ன, நினைக்கட்டுமே, நினைப்பதற்கெல்லாம் இன்னும் சட்டம் வரவில்லை. வந்திருக்குமோ? இருக்கலாம். தினமும் ஏதோ ஒன்று வருகிறது, படிக்க அவனுக்குத் தெம்பில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு இதே பாலத்தில் இரண்டு லட்சம் பேரோடு நடந்து சதுக்கத்துக்குப் போனபோது கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை. இன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதற்கே அலுப்பாக இருந்தது. காலையில் எழுந்ததும் அலுப்பு, பல் துலக்கினால் அலுப்பு. ஒருவேளை இது வயசாக இருக்கும் என்று பார்த்தால் முப்பத்தாறு ஒரு வயசா? ஓட்டுநர் ஹாரனை அடித்தார். முன்னால் நின்ற லாரியும் அடித்தது. இரண்டு பேருக்கும் வேறு வேலையில்லை.

போனுக்கு வேஷம் கட்டியாயிற்றா என்று மறுபடி மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தான். இந்த ஊரில் ஒருகாலத்தில் சதுக்கத்தில் நின்று கத்திய எவனும் வெளியே கிளம்புமுன் இதைச் செய்யாமல் கிளம்புவதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போவது ஆரம்பகாலத்து முட்டாள்தனம். வெறும் போனோடு போன ஒருவனை, ஏன் இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாய் என்று கேட்டே உள்ளே தள்ளினார்கள். ஆகவே அழித்த இடத்தை நிரப்ப வேண்டும், சாதாரண மனிதனின் போன் எப்படி இருக்குமோ அப்படி. கால்பந்தாட்டப் படம் நாலு, அக்கா மகளின் பிறந்தநாள் கேக், சமையல் குறிப்பு, வெள்ளிக்கிழமை வாழ்த்து, பூனை. பூனை ஆறு வைத்திருந்தான். அவனுக்குப் பூனை என்றாலே ஆகாது, தும்மல் வரும். சாதாரண மனிதனாக இருப்பதற்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது! இதில் பாதி உழைப்பை அந்தக் காலத்தில் போட்டிருந்தால் புரட்சி நிலைத்திருக்கும் என்று இஹாப் சொல்வான். சொல்வான் இல்லை, சொன்னான். இன்றைக்கு அவன் செத்து நாற்பதாம் நாள், இன்னும் அவன் விஷயத்தில் காலம் தப்பித் தப்பித்தான் வருகிறது. நாற்பதாம் நாளுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான், ஆற்றுக்கு அந்தப் பக்கம், இஹாபின் வீட்டுக்கு. புரட்சியின் ஆண்டுநினைவு வாரம் என்பதால் எல்லாப் பாலத்திலும் சாவடி போட்டிருக்கிறார்கள். ஆற்றில் நீந்திப் போனாலொழிய வேறு வழி கிடையாது.

நுஹா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடக்கம் முடிந்து திரும்பும்போது, இஹாபின் மனைவி, கறுப்பு முக்காட்டைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு, "அவர் குரல் உன்கிட்ட இருக்கா, ஹாத்திம்?" என்றாள். "எங்க போனு, கம்ப்யூட்டரு, ஜூரி விளையாடுற பழைய டேப் ரெக்கார்டர் வரைக்கும் வாரிக்கிட்டுப் போயிட்டாங்க. படம் இருக்கு, குரல் இல்லை. பாபா எப்படிப் பேசுவார்னு கேக்கிறா. நான் எப்படிப் பேசிக் காட்டுவேன்?" ஜூரிக்கு மூன்றரை வயசு. இருக்கிறது என்று சொன்னான். சொன்ன பிறகுதான் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று யோசித்தான். இருந்தது நிஜம், நாற்பத்தெட்டு நொடி. இஹாப் அனுப்பிய கடைசிக் குரல் செய்தி. நுஹாவிடம் இப்போது இருப்பது பொத்தான் போன், அதையும் எவனோ காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அனுப்ப வழியில்லை. கையோடுதான் கொண்டுபோக வேண்டும். ஒளித்துக் கொண்டுபோகலாமென்றால், ஒளித்தது அகப்பட்டால் ஒளித்ததே குற்றம். அதனால் பாட்டுகளுக்கும் ஓதலுக்கும் நடுவில் 'எலுமிச்சை ஊறுகாய்' என்று பெயர் வைத்துப் பகிரங்கமாகப் போட்டிருந்தான். பொய்ப்பெயரும் இல்லை. கிட்டத்தட்ட அதுதான் விஷயம்.

அந்த நாற்பத்தெட்டு நொடியும் அவனுக்கு மனப்பாடம். டே தூங்குமூஞ்சி, எழுந்திட்டியா? வரும்போது எலுமிச்சம்பழம் நாலு வாங்கிட்டு வா. மெல்லிசுத் தோலா பாரு. நுஹா ஊறுகாய்க்கு ஜாடியக் கழுவி, உப்பை வறுத்து, எல்லாம் எடுத்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கா, பழம் மட்டும்தான் இல்லை. போன தடவை மாதிரி மறந்தே, என்னையும் சேர்த்து வாசல்லயே நிறுத்திடுவா. இதுவரைக்கும் முப்பது நொடி. இதுவரைக்கும் எந்த ராஜாங்கத்துக்கும் நஷ்டமில்லை. முப்பத்தோராவது நொடியில்தான் அந்தப் பாவி குரலைக்கூடத் தாழ்த்தாமல், அந்த ஒன்பது பேர் பேரையும் நம்ம பக்கத்துல நானே போட்டுட்டேன், நீ கவலைப்படாதே என்கிறான். 'எங்கே அவர்கள்' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம், காணாமல் போனவர்களின் பெயரும் படமும் போடுவதற்கு. நடத்தியது இவர்கள் இரண்டே பேர். ஒரு காலத்தில் அதற்கு ஒன்பது லட்சம் பேர். லைக்கை எண்ணிக்கொண்டு ஆட்சியின் நாளையே எண்ணி முடித்துவிட்டதாக நினைத்த காலம் அது. இப்போது அந்தப் பக்கத்தின் பெயரை உச்சரித்தாலே ஐந்து வருஷம். அந்த வாக்கியம் முடிந்ததும் பின்னாலிருந்து குழந்தை குரல், 'யாரு பாபா?' உடனே இஹாப் சிரிக்கிறான். ஆறு நொடி சிரிப்பு, காரணமே இல்லாமல். குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது அந்த ஆறு நொடிதான். அது உட்கார்ந்திருப்பதோ அந்த வாக்கியத்துக்கு அந்தப் பக்கம், இவன் போக வேண்டிய வீடு சாவடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல.

வெட்டிப் பார்த்தான். பார்க்காமல் இல்லை. நேற்று கடையில் மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் ஒரு பிரதி எடுத்து, முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தேழு வரை நறுக்கி ஒட்டினான். ஒட்டிக் கேட்டால் இஹாப் திக்குகிறான். பின்னணியில் குழந்தை ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது, அது பாதியில் அறுந்து வேறு இடத்தில் தொடங்கியது. இஹாப் ஜென்மத்தில் திக்கினதில்லை. அவனை எதற்காகவும் நிறுத்த முடியாது, அதுதான் அவன் கோளாறே. குறைபட்ட அந்தக் குரலை இரண்டு தடவை கேட்டான் ஹாத்திம், மூன்றாம் தடவை கேட்க முடியவில்லை, பிரதியை அழித்துவிட்டான். அவனை ஒரு தடவை வெட்டியது போதும். மடத்தனம்தான். ஆறு நொடி வாக்கியத்துக்காக ஐந்து வருஷத்தைப் பந்தயம் கட்டுவது கெட்டிக்காரத்தனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. பின்னாலிருந்து யாரோ கட்டணத்தை நீட்ட, அது கைமாறி வந்தது, அவன் வாங்கி முன்னால் கொடுத்தான், ஓட்டுநர் திரும்பாமலே வாங்கிப் போட்டுக்கொண்டார். இந்த வண்டிகளில் யாரும் யாரையும் தெரியாது, ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எதுவும் தொலையாமல் வந்துசேரும். சதுக்கத்தில் ரொட்டியும் தண்ணீரும் அப்படித்தான் வந்தன, வெங்காயமும், கண்ணீர்ப்புகைக்கு. யார் கொடுத்தது என்று திரும்பிப் பார்த்தால் கைகள்தான் தெரியும்.

கை என்றதும் வலது கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி வைத்துக்கொண்டான். ஐந்தரை மாதமாக இது ஒரு பழக்கம். தேநீர் டம்ளரைக்கூட அந்த விரல் படாமல் பிடிக்கிறான், பார்ப்பவர்கள் காயமா என்று கேட்கிறார்கள். போன்பூட்டையும் மாற்றிவிட்டான், ஆறு எண், ஆள்காட்டி விரலால் அடிப்பது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அவன் பிழைப்பு லென்ஸ் பொருத்துவது, பொருத்தியபின் துணியால் துடைப்பது, துடைப்பது என்றால் வேறென்ன, கட்டைவிரல் ரேகைகளைத்தான். எவ்வளவு துடைத்தாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் இருக்கும். முதலாளி, "போதும்ப்பா, கண்ணாடி தேஞ்சிடப் போவுது" என்பார். இஹாப் பழம் கேட்ட அன்றைக்கும் இதே பாலம்தான். கையில் பையும் பையில் நாலு எலுமிச்சம்பழமும், மெல்லிசுத் தோல், மறக்காமல் பொறுக்கி எடுத்தது. இறக்கினார்கள், பையோடு போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். அப்புறம் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அணையாத விளக்கு, இரண்டு நாளா நாலு நாளா தெரியவில்லை, தூங்கவிடவில்லை. அடிக்கவில்லை. அதை நினைக்கும்போதுதான் அவனுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம்போல் இருக்கும். ஒரு அடி விழுந்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும். எதிரே உட்கார்ந்தவர் மரியாதையான மனிதர், கண்ணுக்குக் கீழே கறுப்பு, அவருக்கும் தூக்கமில்லை. இவன் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நறுக்கி இரண்டு தேநீரில் பிழிந்தார். ஒன்றை இவன் பக்கம் தள்ளினார். "களைப்பா இருக்கு, இல்லையா? எனக்கும் இருக்கு. வாயே திறக்க வேண்டாம். விரலை மட்டும் வையி, நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்." போன் மேஜைமேல் இருந்தது. இவன் தேநீரைக் குடித்தான். விரலை வைத்தான்.

வைத்துவிட்டு மேஜையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கியும் போனான். என்ன தூக்கம் அது! அதற்குப் பின் அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை. மூன்று மாதத்தில் நாலு வீடு மாறியிருந்தான் இஹாப். ஐந்தாவது வீட்டின் இருப்பிடம் போனில் சிவப்புப் புள்ளியாக இருந்தது, இவன் வழி தவறிவிடக் கூடாதே என்று இஹாபே அனுப்பியது. எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னவன் வீட்டுக்குப் போலீஸைக் கொண்டுபோய் விட்டான். பதினோராம் நாள் இவனை வெளியே விட்டார்கள், போனைக் காகித உறையில் போட்டுத் திருப்பிக்கொடுத்தார்கள், எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்ட பிறகு அது எதற்கு. இஹாபை விடவில்லை. நாலு மாதம் கழித்து இதயம் நின்றுவிட்டது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எந்த இதயம் நிற்காமல் இருக்கிறது? இதற்கிடையில் பெர்லினிலிருந்தும் வேறு எங்கிருந்தெல்லாமோ, ஓடிப்போய்ப் பிழைத்தவர்கள் இவன் படத்தைப் போட்டு 'உடையாத மனிதன்' என்று எழுதினார்கள். பதினோரு நாள் சித்திரவதை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிங்கம். நாற்பதாயிரம் இதயக்குறி. நுஹாகூட, "உன்னை என்ன பாடு படுத்தினாங்களோ, நீ வாயைத் திறக்கலையே" என்றாள், இவன் தோளைத் தொட்டு. திறக்கவில்லை என்பது நிஜம். விரலை வைத்தான், அவ்வளவுதான். இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த மரியாதையான மனிதருக்குத் தெரியும், இஹாபுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா? உன் சிநேகிதன்தான் காட்டிக்கொடுத்தான் என்று சொல்லிச் சிரித்திருப்பார்களே. இஹாப் என்ன சொல்லியிருப்பான்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும்போலத் திரும்பி மேஜைக்கு வந்தது, தேநீருக்கு வந்தது, விதை ஒன்று டம்ளர் அடியில் கிடந்தது வரை வந்தது.

வண்டி நகர்ந்தது. இந்தத் தடவை நிற்காமல் நகர்ந்து, தடுப்புக்கு முன்னால் போய் நின்றது. கதவை இழுத்தது ஒரு இளம் அதிகாரி, கறுப்புக் கண்ணாடி, வாயில் பூசணி விதை. "அடையாள அட்டை. ஆம்பளைங்க போன்." மூன்று போன் பார்த்தான், அலுப்போடு திருப்பிக் கொடுத்தான். நாலாவது ஹாத்திமுடையது. எண்ணை ஆள்காட்டி விரலால் அடித்துக் கொடுத்தான். "எங்க போறே?" "சிநேகிதன் வீட்டுக்கு, பாஷா." தோளில் பட்டை இருந்தால் எவனும் பாஷாதான். "என்ன தொழில்?" "கண்ணாடிக் கடையில லென்ஸ் பொருத்துறேன், பாஷா." அதிகாரி படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். "பூனை வளர்க்கிறியா?" "ஆமா, பாஷா." "பேரென்ன?" பேர்! ஆறு பூனைக்கும் ஒரு பேர்கூட யோசித்து வைக்கவில்லையே. "சுக்கர், பாஷா." "ஆறும் சுக்கரா?" "ஒண்ணைக் கூப்பிட்டா எல்லாம் வருது, பாஷா." பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியும் உதட்டோரத்தில் சிரித்தான். போனை இவனிடம் நீட்டப்போனவன் மறுபடி இழுத்துக்கொண்டான். "இது என்ன, எலுமிச்சை ஊறுகாய்?"

"செய்முறை, பாஷா." அதிகாரி தொட்டான். டே தூங்குமூஞ்சி, எழுந்திட்டியா? வண்டி முழுக்க இஹாப் பேசினான். இஹாபின் குரல் எப்போதுமே தேவைக்கு மேல் ஒரு பங்கு உரக்க இருக்கும். பதினேழு பேரும் ஓட்டுநரும் தடுப்புக் கம்பியில் சாய்ந்திருந்த சிப்பாயும் கேட்டார்கள். ஹாத்திம் எண்ணினான். பத்து. மெல்லிசுத் தோலா பாரு. பதினான்கு. இப்படி ஊரறிய அவன் பேசி எத்தனை நாளாயிற்று, கடைசியாக ஒலிபெருக்கியில் சதுக்கத்தில் பேசினான், அப்போதும் யாரையோ கிண்டல்தான் செய்தான். பத்தொன்பது. ஜாடியக் கழுவி, உப்பை வறுத்து. அழுகை வந்துவிடக் கூடாது, ஊறுகாய்க்கு அழுகிறவன் உலகத்தில் இல்லை. இருபத்துமூன்று. இப்போதே பிடுங்கிக்கொண்டு ஆற்றில் குதித்தால்? கால் வராது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பிடிபடுவதுதான் இவனுக்குத் தெரிந்தது. இருபத்தாறு, இருபத்தேழு. என்னையும் சேர்த்து வாசல்லயே நிறுத்திடுவா. இருபத்தொன்பது, முப்பது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துப் போனைத் தட்டினான். குரல் நின்றது. "பொண்டாட்டிக்கு இவ்வளவு பயப்படுறானே, ஆம்பளையா இவன்?" "ரொம்பப் பயப்படுவான், பாஷா." "பழம் வாங்கிட்டியா?" ஹாத்திமுக்கு ஒரு கணம் என்ன கேட்கிறான் என்றே விளங்கவில்லை. "இல்லை, பாஷா." "மறுபடியும் மறந்துட்டியா! போ, வாசல்லயே நில்லு ரெண்டு பேரும்." போன் மடியில் விழுந்தது. கதவு மூடிக்கொண்டது. தடுப்புக் கம்பி உயர்ந்தது.

பாலத்தின்மேல் வண்டி ஓடியது, காற்று அடித்தது. ஹாத்திம் கைகளை முழங்கால்மேல் வைத்து, ஆற்றைப் பார்த்தபடி, சந்தோஷமாக இருக்க முயன்றான். ஒன்றும் வரவில்லை. குரல் தப்பியது, நாற்பத்தெட்டு நொடியும் முழுசாக. இனி அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போக வேண்டும். நுஹா கேட்பாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. பழம் நாலு வாங்கிட்டு வா என்று அவன் சொல்ல, அவள் இவனைப் பார்ப்பாள். அன்றைக்குத்தானே உன்னைப் பிடித்தார்கள் என்பாள். ஆமாம் என்பான். மறுபடியும் சிங்கமாகிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருவான். முடியுமா? முடியும், ஐந்தரை மாதமாக முடிந்திருக்கிறதே, அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அப்போது தோளை யாரோ தட்டினார்கள். பின்னாலிருந்த கல்லூரி மாணவி எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தாள். "பின்னாடியிருந்து குடுத்தாங்க. ஹஜ்ஜா குடுக்கச் சொன்னாங்களாம்." கடைசி வரிசையில் காய்கறி மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி எம்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள், "மெல்லிசுத் தோல்தான், மகனே, நானே பொறுக்கினது. உன் சிநேகிதன்கிட்டக் குடு. பாவம், வாசல்ல நிக்கப் போறான்." இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. கட்டணம் வருகிற அதே வழியில், கை மாறி, கை மாறி. நாலாவது வாங்கும்போது விரல்களை அகல விரிக்காமல் முடியவில்லை. கட்டைவிரலும் வெளியே வந்தது. "அல்லாஹ் உங்க கையை நல்லா வைக்கட்டும், ஹஜ்ஜா" என்றான். சிநேகிதன் இருக்கிறானா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாள் பழத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்லவில்லை.

"உஸ்தா, இங்கேயே நிறுத்துங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லி இறங்கினான். சந்து, ரொட்டிக்கடை, மூன்று மாடி. மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினான். மூன்று மாடிக்கு மூச்சு வாங்குகிறதாம் சிங்கத்துக்கு. சிவப்புப் புள்ளி காட்டிய வாசல், பழைய கதவு, பூட்டு மட்டும் புதுசு. பழையதை உடைத்தவர்களுக்கு வழிகாட்டிய விரல் நாலு பழத்துக்கும் மேலே நின்றது. மணியை அதே விரலால் அழுத்தினான். உள்ளே சின்னக் காலடி ஓடிவந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"யாரு?" என்றது குழந்தை.

அந்தக் குரலை அவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான், அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு வரும். இங்கே வரவில்லை. வருமென்று ஆறு நொடி நின்றான்.

"நான்தான், ஜூரி. ஹாத்திம். எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருக்கேன்" என்றான். "அம்மாவைக் கூப்பிடும்மா. உள்ள வரதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."